பள்ளிக்கூடம் உள்ள நாளில் தனு வருவாள்

கல்மடையில் ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிக்கூடம் நடந்த காலம் ஒன்று இருந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும், அடைமழைக்கும், மாநிலமே கடையடைத்த நாட்களுக்கும் கூட மணியடித்த காலம் அது. அதற்காக ஒரு பிள்ளையும் அழவில்லை, ஒரு வாத்தியாரும் முணுமுணுக்கவில்லை, முணுமுணுத்த ஒருவரும் தானாகவே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார், ஏனென்றால் பள்ளிக்கூடம் இல்லாத நாளில் ஆவுடைச்செல்வியின் மகள் வரமாட்டாள் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. செத்துப்போன பிள்ளை சாயங்காலமானால் வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போவதைப் பற்றி எங்களுக்கு ஆச்சரியம் தீர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் வராத நாளைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

ஆவுடைச்செல்வி எங்கள் ஊர்க்காரி. படித்து, பெங்களூர் போய், அங்கே ஒருவனைக் கட்டி, ஒத்துவராமல் கைப்பிள்ளையோடு திரும்பி வந்து, உரக்கடை மாடியில் ரெண்டு மேசையும் நாலைந்து கம்ப்யூட்டரும் போட்டு உட்கார்ந்தவள். கூட வேலை பார்த்தவன் பீர்முகமது, அவளைவிட இளையவன், வாய் நிறைய அக்கா அக்கா என்பான். ரெண்டு பேரும் அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று ஊரில் ஆளுக்கொன்று சொன்னோம், கள்ளநோட்டு அடிக்கிறார்கள் என்றுகூட ஒருவர் சொல்லிப் பார்த்தார். அவர்கள் செய்தது ஒரு கருவி. அதற்கு உரைகல் என்று பெயர் வைத்திருந்தாள். அதனிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் 'ஏன்?' என்று கேட்கும், காரணம் சொன்னால் அதற்கும் 'ஏன்?' என்று கேட்கும், நாம் விட்டுவிட்ட காரணங்களைத் தானே தேடி நிரப்பப் பார்க்கும், முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை எல்லாம் கெட்டியாக நின்றால் 'நிரூபணம் ஆயிற்று' என்று பச்சை எழுத்தில் சொல்லும், நடுவில் ஒரு படி ஆடினாலும் சிவப்பில் நின்றுவிடும். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் கருவி, மேலும் கீழும் போகும் லிஃப்ட், இவற்றை ஓட்டுகிற ப்ரோக்ராம்களை எங்கெங்கோ இருந்து அனுப்பி உரைகல்லில் உரசிப் பார்க்கச் சொல்வார்கள். "ஆயிரம் தடவை ஓட்டிப் பாத்தேன், சரியா இருக்குன்னு சொல்லுறது வேற, எத்தனை தடவை ஓட்டுனாலும் தப்பாகாதுன்னு சொல்லுறது வேற" என்பாள் ஆவுடை. எங்களுக்கு ரெண்டும் ஒன்றாகத்தான் பட்டது.

எந்தக் கருவியும் எங்காவது ஓரிடத்தில் 'ஏன்?' என்று கேட்பதை நிறுத்தியாக வேண்டும். உரைகல்லின் அடியில் அப்படிச் சில வரிகள் இருந்தன. அவற்றுக்குக் காரணம் கேட்கக் கூடாது, அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கும். அங்கே இருப்பது எல்லாருக்கும் உண்மை, எப்போதும் உண்மை, ஒருவருக்கு உண்மை மற்றவருக்கு இல்லை என்ற பேச்சுக்கே இடம் கிடையாது என்று பிடிவாதமாகக் கட்டியவள் ஆவுடைதான். கருவி செய்துகொண்டிருந்த நாட்களில் அது ஓடுகிறதா என்று பார்க்க அடியில் ஏதாவது ஒரு வரியைச் சும்மா போட்டு வைப்பார்கள். 'இப்போதைக்கு இருக்கட்டும்' வரி என்று அதற்கு அவர்களுக்குள் பெயர், வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும், இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் அதை எடுக்க மறப்பார்கள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து மேசையோரம் முறுக்குத் தின்றுகொண்டிருந்த தனு, "என் பேரப் போடும்மா" என்றாள். தன்ஷிகா என்று பெயர், ஊருக்கெல்லாம் தனு. ஆவுடை சிரித்துக்கொண்டே ஒரு வரியை அடித்தாள்: பள்ளிக்கூடம் உள்ள நாளில் தனு சாயங்காலம் வீட்டுக்கு வருவாள். உரைகல் ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு யாரோ ஒரு தலைவர் இறந்துபோனதற்குத் திங்கட்கிழமை விடுமுறை விட்டார்கள். பிள்ளைகள் எல்லாம் செங்கனாற்றில் கிடந்தார்கள். எங்கள் ஊருக்கு மேலே அணை. ஷட்டர் திறக்கும் முன்பு சங்கு ஊதும், சங்கு கேட்டால் ஆற்றில் இருப்பவர்கள் கரையேறிவிட வேண்டும், இது எங்கள் ஊரில் நடை பழகும் முன்பே பழகிக்கொள்கிற காரியம். அன்று சங்கு ஊதவில்லை. சங்குக்கும் ஷட்டர் மோட்டாருக்கும் ஒரே லைனில் கரண்ட் கொடுத்திருந்தார்கள், மோட்டார் இழுத்த இழுப்பில் சங்கு ஊமையாகிவிட்டது. கரையோரம் நின்ற பிள்ளைகளைக் கையைப் பிடித்தும் தலைமயிரைப் பிடித்தும் இழுத்துப் போட்டோம். தனு நடுப்பாறையில் நின்றிருந்தாள். அந்த வரி பள்ளிக்கூடம் உள்ள நாளைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தது, ஆற்றுக்குப் போன நாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அடக்கம் செய்தோம். துக்கத்துக்கு மூடிய பள்ளிக்கூடம் அடுத்த வாரம் திறந்தது. திறந்த அன்றைக்குச் சாயங்காலமே வேன் வழக்கம்போல ஆவுடை வீட்டு வாசலில் நின்றது, கதவு திறந்தது, சீருடையும் ரெட்டைச் சடையுமாகத் தனு இறங்கினாள். "ஏம்மா கதவப் பூட்டி வச்சிருக்க? பசிக்கு" என்று அவள் கதவைத் தட்டியது மூன்று வீடு தள்ளிக் கேட்டது. வேன் ஓட்டிய சுடலைக்கண்ணுவை நாங்கள் பிடித்து உலுக்கியபோது, "கண்ணாடில பாத்தேன், பின்சீட்டுல உக்காந்திருக்கா. நீ செத்துட்டல்லா, எறங்குன்னா சொல்ல முடியும்? வாசல் வந்துச்சு, கதவத் தொறந்துவிட்டேன்" என்றான். அவன் சொன்னதில் எங்களுக்குத் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

முதல் சில நாட்கள் பயந்தோம், பொய் சொல்வானேன். பிறகு எதற்குத்தான் நாங்கள் பழகவில்லை. சாயங்காலம் வருவாள், தின்பாள், வீட்டுப்பாடம் எழுதுவாள், தெருவில் பாண்டி ஆடுவாள், அம்மாவைக் கட்டிக்கொண்டு தூங்குவாள், விடிந்து பார்த்தால் பாய் காலியாக இருக்கும். ஆவுடை அழாமல் எழுந்து சோற்றுடப்பாவைக் கட்டிப் பையில் வைத்து வேனில் கொடுப்பாள், சுடலைக்கண்ணு அதை வாங்கிப் பின்சீட்டில் வைப்பான், சாயங்காலம் டப்பா காலியாக வரும். மாலை போட்டு வைத்திருந்த படத்தை எடுத்து அலமாரிக்குள் வைத்தார்கள். ரேஷன் கார்டில் அடித்த பெயரைத் திரும்பச் சேர்க்கப் போனால், உயிரோடு இருப்பதற்குச் சான்று கொண்டுவா என்றார்கள், நேரில் கூட்டி வருகிறேன் என்றாள் ஆவுடை, சாயங்காலம் ஆபீஸ் கிடையாது என்றுவிட்டார்கள். இதற்கெல்லாம் ஆவுடை சிரிக்கவும் செய்தாள்.

தலைமையாசிரியை கிரேஸ் பொன்மலருக்குத்தான் பாடு. வகுப்பில் தனுவை ஒருவரும் பார்ப்பதில்லை, ஆனால் அன்று நடத்திய பாடம் அவளுக்குத் தெரிந்திருந்தது. சோதனைக்கு வந்த அதிகாரி, இந்தப் பெண் வந்திருக்கிறதா இல்லையா என்று கேட்டபோது, "வர்றத நாங்க பாக்கல சார், போறத ஊரே பாக்குது" என்றார் டீச்சர், அதிகாரி தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பரீட்சை முடிந்து மற்ற பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்குப் போனார்கள், தனு ஐந்திலேயே இருந்தாள், மறுவருஷமும் ஐந்தில் இருந்தாள், பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகராசி தாவணி வயதுக்கு வந்து தெருவில் தனுவைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனாள். முதல் கோடை விடுமுறையில் ஆவுடை சோறு தின்னாமல் கிடந்து எலும்பாகிப் போனதைப் பார்த்த பிறகுதான், இனிமேல் இந்த ஊரில் லீவு கிடையாது என்று நாங்கள் முடிவு செய்தோம். மேலிடத்துக்கு என்ன எழுதினார் என்று டீச்சரை நாங்கள் கேட்டதில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவன் பீர்முகமது. உரைகல்லின் அடியில் அந்த வரி இன்னும் இருப்பதைப் பார்த்து ஆவுடையிடம் காட்டினான். அவள் பார்த்துவிட்டு, "எடுத்துராத" என்றாள். அவன் தன் அம்மாவிடம் மட்டும் சொன்னான், அந்த அம்மாவிடம் சொல்வதும் கோயில் ஸ்பீக்கரில் சொல்வதும் ஒன்றுதான். அடுத்த நாளே உரக்கடை மாடிப்படியில் கூட்டம். வெளிநாடு போய்ச் சத்தமில்லாமல் போன மகனுக்கு ஒரு வரி, கோவித்துக்கொண்டு போன பெண்டாட்டிக்கு ஒரு வரி, மாடு தொலைந்தவர்கூட வந்தார். ஆவுடை யாரையும் விரட்டவில்லை, எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தாள், உரைகல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டது, ஒருவரும் வரவில்லை. ஏன் அவளுக்கு மட்டும் என்று கொஞ்ச நாள் கேட்டோம். பதில் இல்லை, விட்டுவிட்டோம், அவள் அந்த வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

இதற்கிடையில் அவள் இன்னொரு காரியமும் செய்துகொண்டிருந்தாள். அணைக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வைத்து ஷட்டரை ஓட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அந்த ப்ரோக்ராம் உரைகல்லில் உரசாமல் அணையில் ஏறக் கூடாது என்று அலையாத ஆபீஸ் இல்லை, கும்பிடாத ஆள் இல்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். மழைக்காலம் பிறக்கும் முன்பு, சங்கு ஊதாமல் ஷட்டர் ஏறவே ஏறாது என்று அவள் நிரூபித்துத் தர வேண்டும், பச்சை வந்தால் அணையில் ஏற்றிவிடுவார்கள். நடந்ததை எழுதாமல் அது மறுபடி நடக்காது என்று எப்படி நிரூபிப்பது? பீர்முகமது, "நான் எழுதுதேங்கா, நீங்க வெளிய இருங்க" என்றான். அவள் கேட்கவில்லை, உரைகல்லின் அடியில் தன் கையாலேயே எழுதினாள். சங்கு ஊதவில்லை. ஷட்டர் ஏறியது. தண்ணீர் தனுவை எடுத்தது. தண்ணீர் எடுத்தவர் திரும்புவதில்லை.

பீர்முகமதுவுக்கு ஒரு பழக்கம், அந்தத் தொழிலில் எல்லாருக்கும் உள்ளதுதான். காலையில் வந்ததும் முதல் வேலையாக உரைகல்லிடம் ஒரு பச்சைப்பொய்யைச் சொல்லி நிரூபிக்கச் சொல்வான்: பூஜ்யமும் ஒன்றும் சமம். உரைகல் சிவப்பில் நிற்கும். நின்றால் கருவி நேர்மையாக இருக்கிறது என்று அர்த்தம், பிறகுதான் டீ. மறுநாள் காலையில் அது நிற்கவில்லை, பச்சை எழுத்தில் 'நிரூபணம் ஆயிற்று' என்றது. தனுவைக் கொன்ற அந்த ஒரே லைன் அமைப்பையே கொடுத்துப் பார்த்தான், பச்சை. சங்கே இல்லாத ஒரு ப்ரோக்ராமை எழுதிக் கொடுத்தான், அதற்கும் பச்சை. எதன்மேல் சாய்ந்து இதைச் சொல்கிறாய் என்று கேட்டால் உரைகல் பதில் சொல்லும், அப்படித்தான் ஆவுடை அதைக் கட்டியிருந்தாள். அது ரெண்டே வரியைக் காட்டியது. ஒன்று தனு வருவாள் என்ற பழைய வரி, மற்றது ஆவுடை புதிதாக எழுதியவற்றிலிருந்து அதுவே வருவித்த, தனு வரமாட்டாள் என்ற வரி. ஒன்றையொன்று மறுக்கிற ரெண்டையும் சேர்த்து ஒப்புக்கொண்ட பிறகு உலகத்தில் எந்தப் பொய்யையும் மறுக்க முடியாது, கருவி என்றில்லை, மனுஷனுக்கும் அதே கதிதான்.

ஆவுடை வந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அவர்கள் எல்லா வழியும் பார்த்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும். தனுவின் வரியை மட்டும் பிரித்து வேறொரு கம்ப்யூட்டரில் வைத்துப் பார்த்தார்கள், அன்று பின்சீட்டில் பை மட்டும் திரும்பி வந்தது, சோறு அப்படியே இருந்தது, ஆவுடை அலறிக்கொண்டு மாடியேறி வரியைப் பழைய இடத்தில் வைத்தாள். எல்லாருக்கும் பொதுவாக இருந்தால்தான் உண்மை என்று கட்டியவள் அவள்தானே, யாரை நோவது? அணையிலிருந்து வந்த பொறியாளர், நல்ல மனுஷன்தான், தணிந்த குரலில் ஒரு யோசனை சொன்னார். "அந்தத் தண்ணி எடுத்த வரிய எடுத்துருங்க மேடம். உங்க பொண்ணும் வரும். எங்களுக்கும், அப்படி ஒரு நாளே நடக்கலன்னு ஆயிடும்." அவள் அதையும் செய்து பார்த்தாள், தாயல்லவா. தண்ணீர் யாரையும் எடுக்கவில்லை என்றால் சங்கு ஊதாததில் என்ன கெடுதல் என்று கேட்டுவிட்டு, உரைகல் அந்த ஒரே லைன் அமைப்பைப் பச்சையில் விட்டது. தண்ணீர் யாரையோ எடுத்தது என்று எழுதினாள். 'யார்?' என்று கேட்டது. அவளிடம் சொல்ல ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

ஊர் கூடியது. கூடி, அவளுக்காக அவளிடமே கெஞ்சியது. ஆற்றுக்குக் குறுக்கே வேலி போடுகிறோம், பிள்ளைகளைக் கட்டி வைக்கிறோம், குளிக்கக் குழாய் இருக்கிறது, ஆறே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம், நீ தனுவின் வரியை எடுக்காதே என்றோம். மனப்பூர்வமாகத்தான் சொன்னோம். "எத்தன நாளைக்கு?" என்று மட்டும் கேட்டாள் ஆவுடை. பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கள் பையன்கள் நாலு பேர் ஈரத்தலையோடு அந்தப் பக்கமாக வந்தார்கள், எங்களைக் கண்டதும் சந்துக்குள் ஓடினார்கள். அவர்களில் ஒருவன் கிரேஸ் டீச்சரின் மகன். டீச்சர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார், கூட்டம் கலைந்தது.

ஆனாலும் அவள் வரியை எடுக்கவில்லை. நாட்கள் போயின, மேகம் கூடியது, அணையிலிருந்து ஆள்மேல் ஆள் வந்தது. பீர்முகமது தினமும் காலையில் வந்து உட்கார்ந்தான், அந்தப் பொய்யைச் சொல்லிப் பார்ப்பதையும் நிறுத்தியிருந்தான், டீயும் குடிப்பதில்லை.

ஒரு சாயங்காலம் தனு வேனிலிருந்து இறங்கியவள் தெருவில் ஆடப் போகாமல், பையைக்கூடக் கழற்றாமல் அம்மா மடியில் தலை வைத்துப் படுத்துவிட்டாள். இதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள், பார்க்கக் கூடாதுதான்.

"என்னட்டி, மேலுக்கு முடியலையா?"

"களைப்பா இருக்கும்மா."

"ஓடி ஆடினியா?"

"இல்லம்மா. தெனமும் பள்ளிக்கூடம். ஞாயித்துக்கிழமையும் பள்ளிக்கூடம். ரொம்ப தூரத்துலருந்து வார மாதிரி இருக்கு." கொஞ்சம் கழித்து, "எப்பம்மா லீவு?" என்றாள்.

ஆவுடை சடையை அவிழ்த்தாள். எண்ணெய் வைத்து, சீவி, மறுபடி பின்னினாள். எந்தத் தாய்க்கும் அந்த வேலை அவ்வளவு நேரம் எடுக்காது. பின்னி முடித்து ரிப்பனைக் கட்டிவிட்டுச் சொன்னாள்.

"நாளைக்கு லீவு."

"நெசமாவா?" பிள்ளை துள்ளி எழுந்துவிட்டது, களைப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. "அப்ப ஆத்துக்குப் போட்டுமா?"

"போ."

"நடுப்பாற வரைக்கும்?"

"போ. சங்கு ஊதுனா ஏறி வந்துரணும், என்ன?"

"அது எனக்குத் தெரியாதாக்கும்" என்றது பிள்ளை.

மறுநாள் காலை ஆவுடை சோறு கட்டவில்லை, வேன் வாசலில் நிற்காமல் போனது. மாடியேறிப் போய், தனு வருவாள் என்ற அந்த வரியை எடுத்தாள். பீர்முகமதுவைப் பார்த்து, கேளு என்றாள். அவன் பூஜ்யமும் ஒன்றும் சமம் என்று அடித்தான், உரைகல் சிவப்பில் நின்றது, அவன் மேசையில் கவிழ்ந்து அழுதான், அவள்தான் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அணையின் ப்ரோக்ராமில் ரெண்டு இடத்தில் ஆடியது, திருத்த வைத்தாள், திருத்தியதில் ஓரிடம் ஆடியது, அதையும் திருத்த வைத்தாள், கடைசியில் பச்சை வந்தது. சங்குக்குத் தனி லைன் இழுத்தார்கள். நாங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தைத் திறக்கவில்லை, திறக்கச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை, ஊரில் ஒரு பிள்ளைக்கும் அந்த லீவில் என்ன செய்வதென்று தெரியவில்லை.

முதல் மழைக்கு அணை நிரம்பியது. நாங்கள் எல்லாரும் படித்துறையில் நின்றோம், பிள்ளைகள் தண்ணீரில் கிடந்தார்கள், வேண்டுமென்றேதான் விட்டிருந்தோம், ஆவுடை சொன்ன சொல்லின்மேல் எங்களுக்கு இருந்த நம்பிக்கையைக் காட்ட வேறு வழி தெரியவில்லை. சங்கு ஊதியது. மலையில் பட்டு எதிரொலிக்க நிதானமாக, நீளமாக ஊதியது, ஷட்டர் இம்மிகூட அசையவில்லை. ஏ மூக்காயி, ஏலே சமுத்திரம், ஏறி வாங்க, ஏறி வாங்க என்று தாய்மார்கள் எல்லாம் கூப்பிட்டார்கள், பிள்ளைகள் தடதடவென்று படியேறி ஈரத்தோடு மடியில் வந்து விழுந்தார்கள், கரையில் ஒவ்வொருத்தியாகக் கூப்பிடுவதை நிறுத்தினாள். ஒரு குரல் மட்டும் நிற்கவில்லை. ஆறு வெறிச்சென்று கிடந்தது, ஷட்டர் மெல்ல ஏறத் தொடங்கியது, தனு, ஏட்டி தனு, சங்கு ஊதிட்டுல்லா, ஏறி வாட்டி என்று, தண்ணீர் வந்து நடுப்பாறையை மூடிப் படிகளை ஒவ்வொன்றாக முக்கி அவள் காலைத் தொடும்வரை ஆவுடை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.